உலைக்கு முன்னால் ஈர மண்

என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, வேலை பார்க்கும் இடத்துக்குள் ஓர் ஊக்கைக்கூடக் கொண்டுபோக முடியாது. நான் வேலை பார்க்கும் இடத்திலோ எங்கே திரும்பினாலும் இரும்புதான். இரண்டு இடத்துக்கும் நடுவே பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

அத்தை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறார். காலையில் தெருமுனைக்கு வேன் வரும். அங்கே ஷெட்டுக்குள் நுழையுமுன் தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். செருப்பும் வெளியேதான். இரும்பு கல்லில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பவை பித்தளையும் மரமும். வெடிமருந்தோடு, அத்தை பாஷையில் வெறும் மருந்தோடு, தூளாகச் சேர்வதைத் தவிர இரும்புக்கு அங்கே இடம் கிடையாது.

இந்தப் பழக்கம் வேனிலேயே ஏறி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அரிவாள்மணையை அத்தை தரையில் இழுக்க மாட்டார், தூக்கித்தான் வைப்பார். என் மகள் பிறந்தபோது என் அம்மா காற்றுக் கருப்பு அண்டாமலிருக்க ஒரு பழைய அரிவாளைத் தொட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார். மறுநாள் பார்த்தால் அந்த அரிவாள் கிழிந்த சேலைத் துணியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, கைக்குழந்தை மாதிரி கிடந்தது.

"இரும்பு இருக்கட்டும் தாயி, பிள்ளைக்கு நல்லது. ஆனா தரையில உரசிறக் கூடாதுல்ல?" என்றார் அத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, துணி சுற்றிய இரும்புக்குக் காற்றுக் கருப்பு பயப்படுமா என்ற சந்தேகமும் வந்தது. நான் அப்படித்தான். ஒரு விஷயத்தை நம்பாமல் இருப்பதும் முடியாது, முழுதாக நம்புவதும் முடியாது.

நான் வேலை பார்ப்பது ஒரு பழைய பவுண்டரி. சாத்தூரிலிருந்து விருதுநகர் போகும் நாற்கரச் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி, பருத்தி அரைக்கும் மில்லுக்கும் எண்ணெய் மில்லுக்கும் சக்கரங்கள் வார்த்த இடம். அச்சு இயந்திரத்துக்கான பற்சக்கரங்கள் சிவகாசிக்குப் போயிருக்கின்றன. சுற்றுப்பட்டுக் கிணறுகளில் சுழன்ற கப்பிகள் பாதிக்குமேல் இங்கே பிறந்தவை என்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே உலை அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு பூட்டியே கிடந்தது.

அந்தப் பூட்டைத் திறந்தவர் முதலாளி வீட்டு மூத்த மகள். அவரை நாங்கள் அக்கா என்போம். உலையும் பாரம் தூக்கும் கிரேனும் மர அச்சு மாதிரிகளும் அப்படியே இருக்கட்டும், மக்கள் வந்து பார்க்கும் இடமாக வைத்திருப்போம் என்பது அவருடைய ஆசை. அவருடைய தம்பிக்கு, எங்களுக்கு அண்ணாச்சி, வேறு யோசனை. இரும்பை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு இடத்தைப் பேப்பர் குடோனாக மாற்றலாம் என்றார். கெட்ட மனுசர் இல்லை. கூரைக்கு ஆகும் செலவை அவர்தான் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு நாள் ஊரை அழைத்துத் திறந்து வைப்பது, அன்றைக்கு உலையை மூட்டி உண்மையாகவே இரும்பு ஊற்றிக் காட்டுவது. அதைப் பார்த்து ஜனங்களுக்குப் பிடித்துப்போய், இன்னொரு தடவை வருவோம் என்று அவர்கள் சொன்னால் இடம் அக்காவுக்கு. இல்லையென்றால் குடோன்.

இதில் என் கதை எங்கே வருகிறதென்றால், என்னை அக்கா வேலைக்கு எடுத்ததே அந்த இடத்தைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குத்தான். நான் பி.காம். படித்தவள். எங்கள் பகுதியில் கணக்குப் படித்த பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் இல்லை. பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் எப்போதும் ஆள் தேவை. எத்தனையோ பேர் போகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். ஆனால் காலையில் அத்தை ஏறிப்போகும் வேன் சாயங்காலம் திரும்பி வரும்வரை என் காது ரோட்டிலேயே இருக்கும். தெருமுனையில் வேன் சத்தம் கேட்டபிறகுதான் நான் அடுப்பில் காப்பிக்குப் பாலை வைப்பேன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் போக வேண்டாம், மகளுக்கு ஒருத்தியாவது இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எனக்குள் நானே போட்டுக்கொண்ட சட்டம். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அத்தைக்கு வருத்தமாக இருக்கும்.

ஆக, பவுண்டரி நிலைத்தால் என் வேலை நிலைக்கும். பவுண்டரி குடோனானால் நான் அந்த வேனில் ஏற வேண்டியதுதான்.

என் குணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மகளையும் கூப்பிட்டு, "அம்மா மூடிட்டேன், பாத்தியா?" என்று சாட்சி வைத்துக்கொள்வேன். காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் என் கணவர் விருந்தாளிகளிடம், "எங்க வீட்டுப் பூட்டு தேய்ஞ்சு போனது திருடனால இல்ல, எங்க வீட்டம்மாவால" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டுப் பின்வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

திறப்பு நாளுக்கு முன்னால் ஒத்திகைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வார்ப்பு வேலை தெரிந்த இருவர் வந்தார்கள். இருவருக்கும் என் கணவர் வயதுதான் இருக்கும். பெரிய உலையை மூட்டுவது ஆகாத காரியம் என்பதால், தரையில் இருந்த குழி உலையைச் சரிசெய்து அதில் ஒரு மூசையை வைத்தார்கள். இரும்பு உருகும் குடுவைக்குத்தான் மூசை என்று பெயர். எல்லாரையும் போல நானும் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க அம்மிணி, அந்தப் பாட்டலை வெளிய வெச்சுட்டு வாங்க" என்றார் அவர்களில் உயரமானவர்.

"மூடி போட்டிருக்குங்க."

"மூடி இருந்தாலும் வேண்டாமுங்க. உருகுன இரும்புக்கும் தண்ணிக்கும் ஆவாது."

சிந்தினால் அணைந்துவிடாதா என்று கேட்டேன். அவர் சொன்னார். உருகிய இரும்பு ஈரத்தரையில் சிந்தினால் அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகும். வெளியேற வழி இல்லாமல் மேலே கிடக்கும் இரும்பை அள்ளி நாலா பக்கமும் வீசும். அச்சு மண்ணிலும் ஈரம் உண்டுதான். ஆனால் அது அளந்த ஈரம். கையில் பிடித்தால் கட்டியாக நிற்கும், விரலில் ஒட்டாது. அந்த ஆவி வெளியேற அச்சில் கம்பியால் துளை குத்தி வைத்திருப்பார்கள். தரைக்கு அப்படித் துளை எதுவும் கிடையாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். முன்வாசல் கதவில் 'உள்ளே தண்ணீர் கொண்டு வராதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "வர்றவகளுக்குக் குடிக்கத் தண்ணியாச்சும் குடுப்பீகளா, அதுவும் கெடையாதா?" என்றார். அதே ஒத்திகையில் கிரேன் கயிறு நைந்துபோயிருக்கிறது என்று நான் வேலையை நிறுத்தி, இறக்கித் துடைத்துப் பார்த்தபோது அது வெறும் அழுக்கு என்று தெரிந்தது. அதிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அண்ணாச்சி, "என்னம்மா, இன்னொரு கயிறா?" என்பார்.

திறப்பு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்களை அழைத்திருந்தோம். மகள் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கவென்று அத்தை தன்னோடு வேலை செய்யும் பெண்களையும் கூப்பிட்டிருந்தார். மருமகள் என்று எங்கேயும் சொல்ல மாட்டார், மகள் என்றுதான் சொல்வார். அவர் விடிந்ததும் வந்துவிட்டார். நான் முன்வாசலில் நாற்காலிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கவாசல் வழியாகப் போய் வார்ப்பு ஷெட்டைப் பெருக்கிவிட்டு வந்து, "எல்லாஞ் சுத்தமா வச்சுட்டேன் தாயி, நீ அங்கன போக வேண்டாம்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். உலைக்கு முன்னால் இளமஞ்சளாகப் புது மணல் பரப்பி, கோலம் போடலாம் போல இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் ஷெட் நிறைந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கதவு தாண்டுமுன் ஒவ்வொருவர் கையும் தானாகக் கழுத்துக்குப் போனது. ஊக்குகளும் கொண்டை ஊசிகளும் சாவிகளும் ஜன்னல் திண்டில் குவிந்தன. செருப்புகளும் வரிசையாக வெளியே நின்றன.

"இரும்புப் பட்டறைக்கு வரும்போது எதுக்குக்கா ஊக்கைக் கழட்டுறீக?" என்று கேட்டேன்.

"ஐயோ, ஆமால்ல!" என்று சொல்லிச் சிரித்த அந்த அக்கா, கழற்றிய ஊக்கைத் திரும்ப மாட்டவில்லை. "கெடக்கட்டும் பிள்ள. கதவப் பாத்தா கை தன்னால போகுது."

"அங்க பாரு, உள்ள அம்புட்டு இரும்பு கெடக்கு, இவ ஒரு ஊக்க வெளிய வச்சிட்டு வாரா" என்று இன்னொருவர் சொல்ல, ஷெட்டே சிரித்தது.

அத்தை என் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம்தான். ஆனாலும் எனக்கு அது கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதாகப் பட்டது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லலாமா, சொன்னால் எல்லார் முன்னாலும் அத்தைக்கு ஒரு மாதிரி ஆகுமா என்று நினைத்துக்கொண்டே நான் அக்காவிடம் மைக்கைக் கொடுத்தேன். குழி உலை சீறிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் இருவரும் முழங்கால் வரை பூட்ஸும் தோல் கவசமும் மாட்டித் தயாராகிவிட்டார்கள். உலையிலிருந்து அச்சு வரை அவர்கள் மூசையைத் தூக்கி நடக்கும் பாதை முழுதும் அந்தப் புது மணல், கயிற்றைத் தாண்டி முன்வரிசை வரைக்கும். அண்ணாச்சி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"ஏத்தா, மண்ணு என்னா குளுமையா இருக்கு! படுத்தாத் தூங்கிரலாம் போல."

"ஆமாக்கா, கால நீட்டுனா சொகமா இருக்கு" என்றது இன்னொரு குரல்.

எங்கள் ஊர் வெயிலில், அதுவும் எரிகிற உலைக்குப் பக்கத்தில், மணல் எப்படிக் குளுமையாக இருக்கும்?

நான் கயிற்றுக்குள் குனிந்து போய் மணலில் கையை வைத்தேன். மேலே சூடாகவும் உதிரியாகவும் இருந்தது. வெறும் மனப்பிராந்திதான் என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. பிறகு விரலை உள்ளே விட்டேன். ஒரு கணு ஆழத்துக்குக் கீழே சில்லென்று இருந்தது. இன்னும் அழுத்தினேன். நகக்கண்ணில் சேறு ஏறியது. அங்கே மட்டும்தானோ என்று நாலடி தள்ளித் தோண்டினேன். அங்கே விரல் போன குழியில் தண்ணீர் ஊறியது. கீழே கருங்கல் தளம். ஊற்றிய தண்ணீர் போக இடமில்லாமல் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே நின்றிருக்கிறது. பூட்ஸ் போட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

உயரமானவர் இடுக்கியை உலைக்குள் இறக்கினார்.

எனக்கு அந்தக் கிரேன் கயிறு நினைவுக்கு வந்தது. அக்கா மைக்கில் பேசிக்கொண்டிருந்ததும், அண்ணாச்சியின் போனும், தெருமுனை வேனும் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆனால் இந்தத் தடவை என்னிடம் சந்தேகம் இல்லை. என் விரலில் இருந்தது சேறு. என் வாழ்க்கையில் ஒரு விஷயம் இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நில்லுங்க!"

மகள் ரோட்டுக்கு ஓடும்போது என் வாயிலிருந்து வருமே, அந்தக் குரல்தான் வந்தது. அக்காவின் பேச்சு பாதியில் நின்றது. மூசையைப் பிடிக்கப் போன இடுக்கி நின்றது. நான் கையை உயர்த்திக் காட்டினேன்.

"கீழ பூராவும் தண்ணி. தூக்காதீங்க."

உயரமானவர் உடனே இடுக்கியை வைத்துவிட்டு வந்து மண்டியிட்டுத் தோண்டினார். கையை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மூடியைப் போடுப்பா. காத்தைக் கொறை" என்று கூட்டாளியிடம் சொன்னார். பிறகு மெதுவாக, "நடுவால கால் தடுமாறியிருந்தா..." என்று தொடங்கி, முன்வரிசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சி போனை இறக்கினார். "கொஞ்ச நேரத்துல காஞ்சிரும்ல?"

"காயாது அண்ணாச்சி. மண்ண அள்ளிட்டுத் தரையக் காய வைக்கணும். மத்தியானம் தாண்டிரும்."

"வந்தவக எல்லாம் கெளம்பிட்டா?"

"கெளம்பட்டும் அண்ணாச்சி" என்றேன். "இப்ப ஊத்தக் கூடாது."

"யாரு இந்த வேலையப் பாத்தது? தண்ணி கொண்டு வரக் கூடாதுன்னு கதவுல எழுதித்தான போட்டிருக்கு?"

அத்தை என் மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து நின்றார். "நாந்தேன் முதலாளி. நெருப்பு வேல நடக்குற எடம், பிள்ளையும் வரப் போகுதுன்னு ஓஸ் போட்டு நல்லா நனைச்சு விட்டேன். சகதியா இருந்துச்சு. அதான் மேல காஞ்ச மணலப் பரப்புனேன். நான் பக்கவாசல்ல வந்தேன், எழுதுனதப் பாக்கல."

ஊக்கைத் திரும்ப மாட்டாத அந்த ஊக்கு அக்கா முந்திக்கொண்டார். "நெருப்பு இருக்குற எடத்துல தண்ணி தெளிக்காம வேற என்ன தெளிப்பாக? நானா இருந்தா இன்னும் ரெண்டு வாளி சேத்து ஊத்தியிருப்பேன்."

நான் அத்தையிடம் போனேன். பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மைக்கும் என் கையில் இல்லை. உருகிய இரும்பு ஈரத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்தார். பிறகு உலையை. பிறகு மகள் உட்கார்ந்திருந்த இடத்தை.

"அப்ப எங்க கம்பெனி மருந்து மாதிரி இங்கன தண்ணிதேன் மருந்தா?" என்றார்.

"ஆமாத்தே."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துத் திரும்பினார். "ஏ, கேட்டீகளா? இங்கன தண்ணிதேன் மருந்தாம். எந்திரிங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர்கள் அரை நொடியில் பிடித்துக்கொண்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில், அவர்கள் நகர்ந்தபின் அடுத்தவர்கள். ஓட்டமில்லை, தள்ளுமுள்ளு இல்லை, விட்ட பொருளை எடுக்க யாரும் திரும்பவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மற்ற விருந்தாளிகள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, அவர்களையும் இவர்களே கூட்டிக்கொண்டு போனார்கள். ஷெட் காலியானபோது அண்ணாச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகச் செய்து பழகிய பயிற்சி அது. அவருக்கும் இரண்டு பட்டாசுக் கம்பெனிகள் உண்டு, தெரிந்திருக்கும்.

அழைத்திருந்த பெரிய மனிதர்கள் சிலர் மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் வேப்பமர நிழலில் காராச்சேவு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மண்வெட்டியோடு உள்ளே போனேன். ஒரு நாலு பேர் கிடைத்தால் போதும் என்று வெளியே எட்டிப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் ஊக்கு அக்காவும் இன்னும் சிலரும்.

மணலை அள்ளிச் சட்டி சட்டியாகக் கைமாற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினோம். குளித்துச் சீவி, பூ வைத்து வந்திருந்தாலும் அவர்கள் நகக்கண்களில் மருந்தின் வெள்ளிப் பூச்சு மிச்சமிருந்தது. அதன்மேல் இப்போது சேறு ஏறியது. மணல் குறைந்து கருங்கல் தெரியத் தொடங்கியதும் அத்தை மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏன் அத்தே?"

"கல்லு தெரியுது. இரும்பு ஒரசும்."

"ஒரசட்டும் அத்தே. இங்க ஒரசுனா ஒன்னும் ஆகாது."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் மண்வெட்டியை மெதுவாக இறக்கி இழுத்தார். கிரீச்சென்று சத்தம். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தார். கல் விளிம்பில் ஒரு பொறி தெறித்தது. சின்னப் பொறிதான், பகல் வெளிச்சத்தில் தெரிந்ததே பெரிது. ஆனால் அங்கிருந்த அத்தனை பெண்களும் அப்படியே உறைந்துவிட்டார்கள். ஒருவர் கையிலிருந்த சட்டி நழுவியது. அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. வெளியே யாரோ காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

அத்தை ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றொன்றை. அதே இடத்தில் மண்வெட்டியை மறுபடி இழுத்தார், இந்தத் தடவை வேண்டுமென்றே. பொறி வந்தது. சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை. "ஏ, இங்க குடுங்கக்கா, நானும் ஒரு தடவ இழுத்துப் பாக்கேன்" என்று ஊக்கு அக்கா மண்வெட்டியைப் பிடுங்கினார். பிறகு அது கைக்குக் கை மாறியது. தரையைச் சுரண்டும் வேலை, சுரண்ட வேண்டியதைக் காட்டிலும் அதிகமாகவே நடந்தது. நான் தடுக்கவில்லை. தினமும் சாவியைக்கூடக் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகும் பெண்களுக்கு இரும்பைக் கல்லில் உரசிப் பார்க்க வேறு எங்கே இடம் இருக்கிறது?

கல் தெரிந்த தரையில் பழைய சட்டிகளில் தணல் பரப்பிக் காய வைத்தோம். உலர்ந்த மணலை வெயிலிலிருந்து கொண்டுவந்து கொட்டினோம். கோயம்புத்தூர்க்காரர் கையை விட்டுப் பார்த்து, "சரிங்க" என்றார். நான் அவருக்குப் பின்னால் இன்னொரு முறை கையை விட்டுப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் இரும்பு ஊற்றினார்கள். மூசை மேலே வந்தபோது ஷெட்டின் பழைய சுவர்களெல்லாம் ஆரஞ்சு நிறமாயின. அச்சின் வாயில் இரும்பு இறங்கியதும் ஓரங்களில் பொன்னாகப் பொறி கிளம்பியது. மற்றவர்கள் ஆவென்று பார்க்க, எங்கள் பெண்கள் மட்டும் புஸ்வாணச் சரக்கைத் தரம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"நம்ம பூச்சட்டிப் பொறிதான இது?"

"அதேதேன். இரும்புத் தூள் போட்ட சரக்கு. என்ன, இது கொஞ்சம் பெரிய சைசு."

"சத்தம் வராதா?"

"சத்தம் வரக் கூடாதுன்னுதானடி அம்புட்டு மண்ணச் சொமந்தோம்!"

மண்ணை உடைத்து எடுத்தபோது உள்ளே ஒரு கிணற்றுக் கப்பி இருந்தது. ஆறுவதற்கு வெகுநேரம் ஆனது. ஆறும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கிளம்பும்போது ஊக்கு அக்கா நேராக அண்ணாச்சியிடமே போய், "அடுத்து எப்ப ஊத்துவீக? எங்க ஷிப்ட்டுல பாதிப் பேரு வரல, அவகளையும் கூட்டியாறணும்" என்று கேட்டார். அண்ணாச்சி தன் அக்காவைப் பார்த்தார். "இவகிட்டதான் கேக்கணும். இவ சொன்னாத்தான் உலையே நிக்கிது, நடக்குது" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார். குடோன் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஷெட்டுக்குப் புதுக் கூரை போட்டதும் அவர்தான்.

இப்போது இரும்பு ஊற்றும் நாள் வந்தால் அத்தை விடிந்ததும் என்னோடு வந்துவிடுகிறார். வாசலில் ஊக்கைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைப்பார். வேண்டாம் என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். உலைக்கு முன்னால் உட்கார்ந்து, மணலில் மணிக்கட்டு வரை கையை விட்டு, ஒவ்வோர் இடமாகப் பார்ப்பார்.

"காஞ்சு கெடக்கு தாயி. நாம் பாத்துட்டேன்."

"சரி அத்தே" என்பேன். பிறகு நானும் உட்கார்ந்து கையை விடுவேன்.

"ஏ பிள்ள, நாந்தேன் பாத்துட்டேன்னு சொல்றேன்ல?"

"தெரியும் அத்தே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த இடத்தில் விரலை இறக்குவேன்.